சேம்பரிங் தம்பி

மனிதப் பிள்ளைக்குப் பத்து மாதம். மலேசியாவில் வக்கீல் பிள்ளைக்கு, அதாவது சேம்பரிங் என்னும் பயிற்சிக்கு, ஒன்பதே மாதம்தான். அதற்குள் சட்ட உதவி வேலையும் பார்த்தாக வேண்டும் என்பதால், சேம்பரிங் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, செம்பனைக் காட்டில் இரண்டு முறை வழி தவறி, பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டக் கோயில் மண்டபத்தில் வந்து இறங்குவார்.

முதல் அரை மணி நேரம் பேனருக்கே சரியாகிவிடும். படத்தில் அம்மனும் தெரிய வேண்டும், ஆபீஸ் பெயரும் மறையக் கூடாது. (தீபகற்பத்தில் ஒவ்வொரு வழக்கறிஞரும் சட்ட உதவி நிதிக்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட் கட்டுகிறார். அதற்குப் பேனர் கிடையாது.)

அரசியலமைப்பின் குடியுரிமைப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவரிடம், முதல் தாத்தா ஆஸ்ட்ரோ டிவி பில்லை நீட்டுவார். அடுத்தவருக்குப் பக்கத்து வீட்டு மாட்டின் மேல் வழக்குப் போட வேண்டும்.

"பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே உட்காரும் பாட்டிதான் உண்மையான கேஸைக் கொண்டு வருவார். பேரனுக்குப் பதினாறு வயது, ஐசி (அடையாள அட்டை) இல்லை. அப்பன் உள்ளூர், நீல ஐசி. அம்மா இந்தோனேசியாக்காரி. தாலி கட்டியது இதே அம்மன் முன்னால். சாட்சிக்குத் தோட்டமே உண்டு, பதிவு மட்டும் இல்லை. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் சேரும்.

தம்பிக்கு முகம் மலர்ந்துவிடும். 15ஏ பிரிவு, சிறப்புச் சூழ்நிலை, அரசின் விருப்புரிமை என்று கால் மணி நேரம் விளக்குவார். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஐசி கெடைக்குமா, கெடைக்காதா?" என்பார்.

அப்போதுதான் ஆபீஸ் கிராணி அக்கா நாற்காலியை இழுத்துப் போடுவார். ஜெராம் பக்கம் லயத்தில் வளர்ந்தவர். எல்லோருக்கும் கொடுத்த ஆபீஸ் டீசர்ட் அவர் அளவுக்குக் கிடைக்கவில்லை.

"ஆஸ்பத்திரில பொறந்தானா, வீட்டுலயா? கிளினிக் புக்கு இருக்கா? ஸ்கூல் ரிப்போர்ட் கார்டு? பிரசவம் பாத்த ஆயா இருக்காங்களா?"

பாட்டி எழுந்து போய் ஒரு மைலோ டின்னோடு திரும்பி வருவார். எல்லாம் அதற்குள் இருக்கும், பதினாறு வருடத்துக்கும்.

திங்கட்கிழமை தம்பி எழுதும் அறிக்கையில் பயனாளிகள் கணக்கில் ஆஸ்ட்ரோ தாத்தாவும் வருவார், மாட்டு வழக்கும் வரும். 15ஏ மனுவுக்கு வயது வரம்பு உண்டு. பதில் வருவதற்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. தம்பிக்கு இன்னும் இரண்டு மாதத்தில் சேம்பரிங் முடிகிறது. ஃபைல் அக்கா மேசைக்குப் போய்விட்டது.