இன்னும் நாற்பது குதிரை

கோயம்புத்தூரில் பழைய காரின் என்ஜினைப் பற்றி வாய்விட்டுக் கவலைப்படக் கூடாது. கரிவரதன் வாழ்ந்த ஊர் இது. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் காரையே உருவாக்கியவர் அவர். 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். ஆகவே சோழவரம் கார்ப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கூட இங்கே டியூனிங் நிபுணர். டீக்கடையில் ஒரு வார்த்தை விட்டால் போதும், டீ ஆறுவதற்குள் என்ஜின் முழுக்கப் பிரிக்கப்பட்டிருக்கும்.

என்னிடம் இருப்பது குர்லாவில் செய்த பிரீமியர் பத்மினி. 1089 சிசி, சுமார் 40 குதிரைசக்தி, எடை ஏறக்குறைய 900 கிலோ. சமவெளியில் தங்கம். மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலைப்பாதையில் நாலு பேரோடு ஏறும்போதுதான் சுயரூபம் தெரியும். இரண்டாவது கியருக்கு மேல் போவது என்பது ஆசை மட்டுமே. பின்னால் வரும் அரசுப் பேருந்துக்காரர் ஹாரன்கூட அடிப்பதில்லை. நலம் விசாரிப்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போகிறார். இன்னும் நாற்பது குதிரை இருந்தால் அந்தப் பார்வையிலிருந்து தப்பிக்கலாமே என்றுதான் ஆரம்பித்தது.

என் மெக்கானிக் அண்ணன் பழைய காலத்து ஆள். "இருக்கற என்ஜினையே போர் அடிச்சு நாப்பது ஓவர்சைஸ் போட்டுரலாங்க. ஹெட்டைக் கொஞ்சம் பேசிங் பண்ணுனா சும்மா பறக்கும்" என்றார். நான் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சிலிண்டர் விட்டம் 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75. நாற்பது ஓவர்சைஸ் என்றால் விட்டத்தில் சுமார் ஒரு மில்லிமீட்டர்; அது கூடினால் 1089 என்பது 1121 ஆகும். லேத் பட்டறைக்கு அத்தனை நடையும் 32 சிசிக்காக! கேம் ஷாஃப்டையும் மாற்றலாம்தான். ஆனால் பந்தய கேம் போட்ட என்ஜின் மேல் ஆர்பிஎம்மில் கர்ஜிக்கும், சிக்னலில் நின்றால் குளிர் ஜுரம் கண்டு நடுங்கும். மலைப்பாதையில் நான் இருப்பதோ கீழ் ஆர்பிஎம்மில்.

சித்தப்பா வேறு வழி சொன்னார். பிரீமியர் கம்பெனியே 1985-ல் கொண்டுவந்த 118 என்.இ. காரின் நிசான் ஏ12 என்ஜின். 1171 சிசி, 52 குதிரை. "ஒரே கம்பெனி. சொந்தத்துலயே முடிச்சிரலாம், வெளிய எதுக்குத் தேடிட்டு?"

பக்கத்து வீட்டுத் தம்பி என்ஜினியரிங் மூன்றாம் வருஷம். அவனுக்குப் பன்னிரண்டு குதிரை அதிகம் என்பது அவமானம். "எஸ்டீம் என்ஜின் போடுங்க அங்கிள். 1298 சிசி, 16 வால்வு, 85 குதிரை!" எஸ்டீமில் அந்த என்ஜின் குறுக்காகப் படுத்து முன்சக்கரங்களை இழுக்கும். பத்மினிக்கோ பின்சக்கரம்தான் ஓட வேண்டும். அதனால் ஜிப்ஸியின் கியர்பாக்ஸ் வேண்டும். அது வந்தால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம் மாறும். பிறகு மவுண்டிங், சைலன்சர், வயரிங், இசிஎம் பெட்டி, பெட்ரோல் பம்பு, பெரிய ரேடியேட்டர். எல்லாவற்றையும் அவன் "சின்ன வேலைதான்" என்ற தலைப்பின்கீழ் அடக்கிவிட்டான்.

மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மாமாவுக்குச் சின்னதாக எதுவும் பிடிக்காது. கான்டெசாவின் இசுசு என்ஜின்தான் என்றார்: 1817 சிசி, 88 குதிரை. அவர் சொன்னதில் ஒரு சரித்திர நியாயம் இருந்தது. 1984-ல் கான்டெசா வந்தபோது அந்தப் பெரிய உடம்புக்குள் அம்பாசடரின் 1489 சிசி என்ஜின்தான் இருந்தது, சுமார் 50 குதிரை. இசுசு பிறகு வந்துதான் அதைக் கரையேற்றியது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு 2000 இன்னும் பரிதாபம். இங்கிலாந்தில் மூன்றரை லிட்டர் வி8 சுமந்த ரோவரின் உடம்பில் இரண்டு லிட்டர் பழைய என்ஜினைப் பொருத்தினார்கள். நம் கம்பெனிகள் பெரிய உடம்புக்குச் சின்ன இதயம் வைத்தன. மாமா எனக்குச் சொன்னது சின்ன உடம்புக்குப் பெரிய இதயம்.

குதிரையை இரட்டிப்பாக்கினால் என்ன கிடைக்கும் என்று பார்த்தேன். வேகமாகப் போகும்போது வண்டி முக்கியமாகக் காற்றோடுதான் மல்லுக்கட்டுகிறது. அதற்குத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். எனவே இரண்டு மடங்கு குதிரைக்கு உச்சவேகம் கால்பங்குதான் ஏறும். ஆனால் அந்தக் கால்பங்கு வேகத்தை நிறுத்த பிரேக் ஏறக்குறைய 60 சதவீதம் அதிகம் உழைக்க வேண்டும். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். இதைச் சொன்னதும் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "போறதுக்கு எத்தனை வேணுனாலும் தர்றேனுங்க. நிக்கறதுக்கு யாரைக் கேப்பீங்க?"

சட்டத்தையும் கேட்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி விலகக் கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொல்லிவிட்டது. எஸ்டீமோ இசுசுவோ, எந்த என்ஜினானாலும் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசையில் 40 குதிரைக்கும் 88 குதிரைக்கும் ஒரே வேகம்தான்.

முடிவில் சித்தப்பா பக்கம் சாய்ந்தேன். காரணம், மலைக் கணக்கு வேறு. மெதுவாக ஏறும்போது காற்று பெரிய எதிரி அல்ல, எடைதான் எதிரி. அங்கே 30 சதவீதம் கூடுதல் சக்தி ஏறக்குறைய அப்படியே ஏற்றத்துக்குப் போகும். பன்னிரண்டு குதிரை, முன்னால் டிஸ்க் பிரேக், முறைப்படி அனுமதி. அளவான ஆசை. அத்தனை நிபுணர்களையும் ஜெயித்த பெருமிதத்தோடு வீட்டில் அறிவித்தேன்.

மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஏனுங்க, இதுல ஏசி வருங்களா?"

ஏசி கம்பிரசர் ஓடினால் நாலைந்து குதிரையை அதுவே தின்றுவிடும். பன்னிரண்டில் ஐந்து போனால் மீதி ஏழு. காம்பவுண்டு சுவர் அருகே போய்த் தொண்டையைச் செருமினேன். "தம்பி, அந்த எஸ்டீம் என்ஜின்னு சொன்னியே..."