கிரவுன் போயிருச்சு!

சங்ககிரியிலிருந்து நாமக்கல் வரை எந்த லாரி ஸ்டாண்டுக்குப் போனாலும், டீக்கடை பெஞ்சின் நிழலான முனையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் சின்ன நோட்டு, காதில் ஒரு தீக்குச்சி. ஒரு காலத்தில் லாரி ஓட்டியவர் என்பார்கள். ஓட்டியதில்லை, சொந்தமாக வைத்திருந்தார் என்பார்கள் வேறு சிலர். இரண்டும் இல்லை, அவருடைய மச்சான்தான் வைத்திருந்தார் என்பார் டீ மாஸ்டர். அதுவும் அவர் இல்லாத நேரம் பார்த்து. எது எப்படியோ, பின் ஆக்சிலில் சத்தம் வந்தால் அவரிடம் சொல்லாமல் பட்டறைக்குப் போக முடியாது. ஏனென்றால் பட்டறைக்குப் போகிற வழியில்தான் பெஞ்சு கிடக்கிறது.

லாரிக்காரர்கள் சத்தத்தைச் சொல்வதில்லை, செய்து காட்டுவார்கள். ஓனர் "டொக்குனு ஒண்ணுங் மாமா" என்று நாக்கை மேலண்ணத்தில் தட்டுவார். டிரைவருக்கு அது போதாது. "அப்படி இல்லீங்க, கடங்... கடங்..." என்று அடித்தொண்டையிலிருந்து எடுப்பார். கிளீனர் பையன் இரண்டு பேரையும் நம்பாமல் வீல் ஸ்பேனரை எடுத்துச் சக்கரத்தில் ஓங்கி ஒன்று போட்டு, "இதுங்" என்பான். நம்மவர் மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டி இருபது அடி தள்ளி, இன்ஜின் அணைந்து, சும்மா நிற்கிறது. அதைக் கிளப்பி ஒரு தெரு ஓட்டிப் பார்க்கலாமே என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

தீக்குச்சி காதுக்குள் ஒரு சுற்று சுற்றி வெளியே வரும். நுனியைப் பார்ப்பார். டீயில் ஒரு வாய்.

"கிரவுன் போயிருச்சு, மாப்ள."

இதே காதும் இதே குச்சியும் போன வாரம் வந்த வண்டிக்கும் இதையேதான் சொல்லின. அதற்கு முந்தின வாரமும். பின்பக்கம் எழுகிற சத்தங்கள் அத்தனைக்கும் அவரிடம் இருப்பது ஒரே முடிவு. அதில் ஒரு நியாயமும் உண்டு. இன்ஜினிலிருந்து நீளவாக்கில் வருகிற சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கிற பெரிய பல்சக்கரம் கிரவுன். அதைச் சுற்றுகிற சின்னது பினியன். இரண்டையும் ஒன்றோடொன்று உரசிப் பொருத்தி ஜோடியாகத்தான் விற்பார்கள். ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும். அதற்கு முன் ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவ வேண்டும், புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும், உள்ளிருப்பதை மொத்தமாக இறக்க வேண்டும். பூட்டும்போது மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்துப் பல்லுக்குப் பல் இடைவெளி பார்க்க வேண்டும். செலவு, நாள், வாடகை நஷ்டம் எல்லாம் அதில் அடக்கம். "போல்ட்டு லூசா இருக்கும், முடுக்கிப் பாரு" என்று சொன்னால் ஓனர் சரி என்று போய்விடுவார். கிரவுன் என்றால் முகம் வெளுத்துப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு டீ சொல்வார். பெரிய சாமானைச் சாகடிக்கிறவருக்குத்தான் பெஞ்சில் மரியாதை.

அடுத்தது சரித்திரம். "பென்ஸ் கிரவுன் பார்த்திருக்கயா நீ? அதெல்லாம் இரும்பு. இப்ப வர்றது தகரம்." டாட்டாவும் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் கூட்டுச் சேர்ந்தன, 1969-இல் அந்தக் கூட்டு முடிந்தது. அவரளவில் இன்னும் முடியவில்லை. முகப்பில் நட்சத்திரம் வைத்த அந்த வண்டிகளுக்கு எதுவுமே போகாதாம். போகாத வண்டியில் கிரவுன் போகும் சத்தத்தை எப்படிக் கற்றுக்கொண்டார் என்று கேட்கக் கூடாது.

இவரை வெறும் வாய்ச்சொல் வீரர் என்று ஒதுக்கிவிடலாம் என்றால், அதற்கும் வழியில்லை. எப்போதோ ஒருமுறை சொன்னது பலித்துத் தொலைத்திருக்கிறது. அவர் பேச்சைக் கேட்காமல் லோடோடு கிளம்பிய ஒரு வண்டி, தொப்பூர் கணவாயில் பல் உடைந்து நின்றுவிட்டதாம். வருஷா வருஷம் அந்தக் கதையில் லோடு ஏறிக்கொண்டே போகிறது. முதலில் ஜவ்வரிசி, பிறகு சிமென்ட், இப்போது இரும்புக் கம்பி. ஸ்டாண்டில் புதிதாகச் சேருகிற ஒவ்வொரு டிரைவருக்கும் ஆர்.சி. புக்குக்கு முன்னால் தொப்பூர்க் கதை ஒப்படைக்கப்படும்.

பட்டறை மேஸ்திரி வேறு ரகம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. ஓனர் நாக்கைத் தட்ட ஆரம்பித்தாலே கையமர்த்திவிடுவார்.

"எப்பங் வருது?"

அவ்வளவுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பாதி வண்டியைப் பிரித்துப் பார்த்துவிடுகிற கேள்வி அது. பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் என்றால் பல்சக்கரத்தை நினைத்தே பார்க்கமாட்டார். ஸ்பிரிங் பட்டையைத் தாங்குகிற ஷாக்கிள் பின், புஷ் பக்கம் போவார். பிரேக் அடிக்கும்போது என்றால் யு-போல்ட். அது தளர்ந்தால் ஆக்சிலையும் பட்டையையும் இடம் மாறாமல் பிடித்திருக்கிற சென்டர் போல்ட்டின் மேல் மொத்த பாரமும் விழும். அதுவும் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, நேர் ரோட்டில் வண்டி கோணலாகப் போகும். டிரைவருக்குத் தெரியாது; பின்னால் பைக்கில் வருகிறவனுக்குத்தான் முதலில் தெரியும். திருப்பத்தில் மட்டும் வருகிறதா? ஸ்டார் பினியன். நேர் ரோட்டில் அது தன் அச்சில் சுழலாது, தன்னைச் சுமக்கிற கூண்டோடு சேர்ந்து சும்மா சவாரி போகும். வளைவில் வெளிச்சக்கரம் அதிகமாகவும் உள்சக்கரம் குறைவாகவும் ஓடும்போதுதான் அதற்கு வேலை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி வருகிற வண்டியில் அது ஓய்வு கேட்பதில் தப்பில்லை.

ஓடும்போது விடாமல் தட்டுகிற சத்தமென்றால் மேஸ்திரி கணக்குப் போடுவார். பழைய டாட்டாக்களில் பினியனுக்கு 6 பல், கிரவுனுக்கு 41 பல் என்று ஒரு ஜோடி உண்டு. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஷாஃப்ட் ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். மெதுவாக உருட்டச் சொல்லிக் கூடவே நடந்து வருவார். சக்கரத்துக்கு ஒரு தட்டு என்றால் கிரவுன் பக்கமோ ஹப் பக்கமோ தேடுவார். ஆறேழு தட்டு என்றால் பினியனும் ஷாஃப்டும். கிரவுனின் மேல் உண்மையான குற்றச்சாட்டு வைக்க வேண்டியது இந்த இடத்தில்தான். பெஞ்சிலிருந்து இந்தக் கணக்குப் போட முடியாது, எழுந்து நடக்க வேண்டும். வெயில் வேறு.

கிரவுன் போனதாகப் பெஞ்சில் தீர்ப்பு வாங்கி வந்த இந்த வண்டியின் டிரைவர் சொன்னது: "கிளப்பறப்ப ஒண்ணுங். ஆக்சிலேட்டர விட்டா ஒண்ணுங். நடுவால ஒண்ணுமில்லீங்."

மேஸ்திரி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்கச் சொன்னார். கியரை நியூட்ரலில் போட்டார். சாக்கை விரித்து அடியில் போய், புரொப்பல்லர் ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். டொக். ஓனர் நாக்கால் தட்டிய அதே டொக். ஷாஃப்டின் கை அசைகிறது, அதோடு பூட்டிய பினியன் பக்கத்துக் கை அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே இருக்கிற கிராஸின் கப்பைச் சுற்றிச் செம்மண் நிறத்தில் துருப்பொடி கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் உலர்ந்து, அரைபட்டுப் பொடியாகி வெளியே வந்தால்தான் அந்த நிறம்.

"தம்பி, கிரீஸ் அடிச்சயா?"

"அடிச்சனுங்க."

"இந்த நிப்பிளுக்கு?"

பையன் ஜாக்கியைப் பார்த்தான். அந்த நிப்பிள் வண்டி நின்ற வாக்கில் மேலே பார்த்துக்கொண்டிருந்தது. கிரீஸ் கன் எட்டாது. வண்டியை ஒரு சாண் முன்னால் நகர்த்தினால் ஷாஃப்ட் அரைச் சுற்றுத் திரும்பி நிப்பிள் கீழே வந்துவிடும். நகர்த்துவதற்கு டிரைவரை எழுப்ப வேண்டும். தூங்குகிற டிரைவரை எழுப்புவதற்கு என்ன தைரியம் வேண்டும் என்பது கிளீனராக இருந்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு கிராஸ் செத்துப்போனது இப்படித்தான்.

மேஸ்திரி கிராஸை மாற்றினார். பெஞ்சுக்கு மரியாதை கொடுத்து ஹவுசிங்கின் அடி பிளக்கையும் திறந்து, 90 நம்பர் ஆயிலைக் கொஞ்சம் உள்ளங்கையில் ஏந்திக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். சன்னமான கறுப்புச் சேறு. அது எல்லா வண்டியிலும் இருப்பதுதான். தகடோ துண்டோ ஒன்றும் நெருடவில்லை. பிளக்கை மாட்டி, சாக்கை உதறினார். கிரவுனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேஸ்திரிகளுக்குப் பெஞ்சோடு பகை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது. வண்டிகள் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

சத்தமில்லாமல் திரும்பி வந்த ஓனர் சும்மா போயிருக்கலாம். இறங்கிப் போய்ச் சொன்னார்.

"கிராஸுங் மாமா. கிரவுனு நல்லா இருக்குதாம்."

பெஞ்சு கொஞ்சமும் ஆடவில்லை. "கிராஸ் ஏன் போச்சு? அதைக் கேட்டயா?"

"கிரீஸ் இல்லாமங்..."

"கிரீஸ் இல்லாமத்தான் போச்சுன்னு அவரு சொல்லுவாரு. கிரவுன் புடிச்சு இழுக்குது, கிராஸ் தாங்கல. இன்னிக்கு எழுதி வெச்சுக்க, ஒரு நாளைக்கு என்னைய நெனப்ப."

எந்த நாள் என்று சொல்லவில்லை. பழைய வண்டியின் கிரவுன் என்றைக்காவது ஒருநாள் போகத்தான் போகிறது. அன்றைக்கு இந்த ஓனர் நினைத்துக்கொள்ளத்தான் போகிறார். எழுதி வைத்துக்கொள்ளத்தானோ என்னவோ அந்தச் சட்டைப் பை நோட்டு. உள்ளே டீக்கடைப் பாக்கியைத் தவிர வேறொன்றும் இல்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்கிறார்.

அதற்குள் இன்னொரு வண்டி வந்து நின்றது. டிரைவர் கதவைக்கூடச் சாத்தாமல் குதித்து ஓடிவந்தார். தீக்குச்சி காதுக்குப் போயிற்று.

"மாமா, ஸ்டேரிங் ஒடைக்கறப்ப முன்னாடி வீலுல கடகடனு..."

குச்சி பாதி வழியில் நின்றது.

"முன்னாடியா? முன்னாடி நம்முளுது இல்ல கண்ணு. எதுத்தாப்பல பெஞ்சுல ஒருத்தரு உக்காந்திருக்காரு பாரு, அவருகிட்டப் போ. கிங் பின்னு போயிருச்சுன்னு சொல்லுவாரு."