காதில் வைத்துப் பார்க்கும் மாமா

கீரப்பாளையம் கடைத்தெருவில் நின்றுகொண்டு "பழைய கேமரா ஒண்ணு ரிப்பேரு" என்று வாயெடுத்தால் போதும். சிதம்பரம் பஸ்ஸில் கால் வைத்த ஆளைக்கூட இறக்கி, மாமா வீட்டுக்கு வழிகாட்டி அனுப்பிவிடுவார்கள். இந்த மாதிரி ஒரு மாமா ஊருக்கு ஊர் உண்டு. கடை கிடையாது, போர்டு கிடையாது, கூலியும் வாங்க மாட்டார். கூலி வாங்காதவரிடம் "எப்ப குடுப்பீங்க?" என்று எந்த முகத்தோடு கேட்பது?

"கீழ போட்டியா?"

"இல்ல மாமா."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க. அது தானா விழுந்துடுது."

பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் த்ரீயைக் கொண்டுபோனால் அவர் முகம் சுண்டிவிடும். ரோலுக்கு 12 படம். வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என்று இரண்டே துவாரம். கெட்டுப்போக அதில் என்ன இருக்கிறது? கெடவே வக்கில்லாத கேமராவை மாமா மதிப்பதில்லை.

அவர் கண் மின்ன வேண்டுமென்றால் யாஷிகா எலக்ட்ரோ 35 வேண்டும். 1966-இல் ஜப்பானில் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவன் ஒருவன் தாத்தாவின் பரணிலிருந்து எடுத்து வந்தான். கிளிக் சத்தம் வருகிறது, படமெல்லாம் இருட்டு என்றான். மாமா காதருகே வைத்து, நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடி, லீவரைச் சுற்றினார்.

"'டங்'குன்னு ஒரு சத்தம் வரணுமே, வந்துச்சா? வரல. உள்ள ஒரு குட்டி ரப்பர் இருக்குது. அது பொடிப்பொடியா உதிர்ந்துபோச்சு."

பேட்டரி பட்டனை அழுத்தினார். பச்சை விளக்கு எரியவில்லை. எரியாதுதான். அது கேட்கும் 5.6 வோல்ட் பாதரச பேட்டரி கடைகளிலிருந்து மறைந்து எவ்வளவோ காலமாகிறது. பேட்டரி செத்தாலும் இந்த யாஷிகா படுத்துக்கொள்ளாது. நொடியில் 500-இல் ஒரு பங்கு வேகத்திலேயே கிளிக் கிளிக்கென்று அடித்துக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் கல்யாண மண்டபத்தை எடுத்தால் இருட்டுதான் வரும். மாமா நான்கு பட்டன் செல்லை அடுக்கி, பேனா ஸ்பிரிங் ஒன்றைச் செருகி, இடைவெளியில் அலுமினியத் தாளைத் திணித்தார். 6 வோல்ட். பச்சை எரிந்தது.

பின்கதவைத் திறந்தால், வெளிச்சத்தைத் தடுக்கும் பஞ்சு தார் மாதிரி இளகிக் கிடக்கிறது. அதைத் தீக்குச்சியில் சுரண்டும்போதுதான் பேச்சு களைகட்டும். ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரான காலம் வரும். அதன் வாலில், 36 படம் தாண்டியும் ஃபிலிம் தீராத ஒரு கல்யாணம் வரும். எண் 41 காட்டியதாம். பெண் வீட்டாருக்குப் பரம சந்தோஷம், ஐந்து படம் லாபமென்று. ஃபிலிம் நுனி உருளையில் மாட்டவே இல்லை! முகூர்த்தத்திலிருந்து பந்தி வரை அத்தனை பேரும் வெறும் கிளிக்குக்குச் சிரித்திருக்கிறார்கள். "லீவரை இழுக்கச்சொல்ல இந்தப் பக்கத்துக் குமிழ் சுத்துதான்னு பாக்கணும்டா. மாப்பிள்ளையையே பாத்துக்கிட்டு நின்னா?"

அந்தக் குட்டி ரப்பரை மாற்றத்தான் நாளானது. மேல்மூடியைக் கழற்ற வேண்டும். மூடியைக் கழற்றியதும் மாமாவுக்கு அதன்மேல் பிரியமும் வளர்ந்தது. கடைசியில் ஒரு நாள் 'டங்' என்றது. பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்று விளக்கும் ஒழுங்காக எரிந்தன. பையன் கை நீட்டினான்.

மாமா தரவில்லை. மறுபடி காதில் வைத்தார்.

"சத்தம் வருதுதான். ஆனா ஏதோ கொஞ்சம் இழுக்குதுப்பா. வெச்சுட்டுப் போ, அடுத்த வாரம் பாப்போம்."