எங்கள் வீட்டில் யாரும் முதலாளி இல்லை!

? அப்பா கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். வியாபாரத்துக்கும் எங்களுக்கும் ஏழாம் பொருத்தம். நான் கம்பெனி லாயர் ஆக முடியுமா? – வாசகி, கிள்ளான்

சரக்கு நனைந்துபோனால் பழி யார் தலையில் என்று அப்பா ராத்திரிச் சாப்பாட்டில் புலம்பியிருப்பாரே? அதைத்தான் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் காசு கட்டிப் படிக்கப் போகிறீர்கள். சட்டம் படிக்க வணிகப் பட்டம் யாரும் கேட்பதில்லை.

ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டால் பில்லைக் கசக்கி எறியாதீர்கள். கடைப் பெயரோடு ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று இருந்தால், 12 இலக்கப் பதிவு எண்ணைத் தேடுங்கள். முதல் நான்கு, கம்பெனி பிறந்த ஆண்டு. அடுத்த 01, உள்நாட்டுக் கம்பெனி. அந்த எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால் இயக்குநர் யார், பங்கு யார் பெயரில், சொத்து எந்த வங்கியில் அடமானம் என்று கம்பெனிகளைப் பதிவு செய்யும் ஆணையமான எஸ்.எஸ்.எம். சொல்லிவிடும். அதன் மெனாராவும் பக்கத்தில் கே.எல். சென்ட்ரலில்தான், குடித்த மோர் செரிப்பதற்குள் நடந்துவிடலாம். பத்து பில் பார்த்த பிறகு உங்களுக்கு வியாபாரம் தெரியாது என்று யார் சொல்வது?

? பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்தாலே தலை சுற்றுகிறதே? – பெட்டாலிங் ஜெயா வாசகர்

இடது கை, வலது கை தெரிந்தால் பாதி முடிந்தது. மீதிக்கு ஓர் அக்கவுன்டன்ட் நண்பரும் நாலு தே தாரிக்கும் போதும். கம்பெனிச் சட்டப் பாடத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டவரும் கணக்குப் புலியல்ல, லண்டனில் பூட்ஸ் தைத்த சாலமன் என்பவர். கம்பெனி தொடங்க ஏழு பேர் வேண்டும் என்றது அன்றைய சட்டம். அவர், மனைவி, பிள்ளைகள் ஐவர்: கணக்கு சரி! கம்பெனி வேறு, சாலமன் வேறு என்று 1896இல் தீர்ப்பானது. இங்கே 31.1.2017 முதல் ஒற்றை ஆளே போதும். பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

? பட்டம் வாங்கிய மறுநாளே கறுப்புக் கோட்டு போடலாமா? – ஷா ஆலம் வாசகர்

இங்கிலாந்து எல்.எல்.பி. என்றால் நடுவில் சி.எல்.பி. தேர்வு. பிறகு ஒன்பது மாதச் சேம்பரிங் பயிற்சி. இப்போதே தைத்துவிட்டால் அதற்குள் பட்டன் எட்டாது.

? பாட்டி முப்பது வருஷம் கூட்டு (சீட்டு) பிடித்தவர். நேர்காணலில் ‘குடும்பத் தொழில் அனுபவம்’ என்று சொல்லவா? – பிரிக்பீல்ட்ஸ் வாசகி

ஐயோ! 1971இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ‘கூட்டு’ என்ற நம் தமிழ் வார்த்தையைச் சட்டத்தின் பெயரிலேயே ஏற்றிவிட்டார்கள். பாட்டியை முதல் கட்சிக்காரராக வைத்துக்கொள்ளுங்கள்.