புளியங்கூடலில் அவுஸ்திரேலிய நடிகர்: ஒரு சமூக, வரலாற்று, மண்ணெண்ணெய் நோக்கு

இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்ததில்லை. ஏன் செய்யவில்லை என்று கேட்பது ஆய்வு மரபன்று. செய்யவில்லை என்று முதல் வரியில் எழுதிவிட்டால் மிச்சமெல்லாம் தானாகவே கண்டுபிடிப்பாகிவிடும்.

ஆய்வுக் களம் புளியங்கூடல். வேலணைத் தீவில், ஒல்லாந்தர் லைடன் என்று பெயர் வைத்துப் பார்த்தும் ஒட்டாமற்போன தீவில், சரவணைக்குப் பக்கத்தில், ஊர்காவற்றுறை போகிற வழியில் உள்ள ஊர். ஆய்வுப் பொருள் இவ்வூர் இளைஞர் ஒருவர். பெயரை வெளியிடுவது ஆய்வு அறத்துக்கு மாறு. தவிரவும் அவருடைய தாயார் எனக்குத் தூரத்துச் சொந்தம். ஆகவே இனி அவர் 'இரசிகர்' எனப்படுவார். ஊர்ப் பெடியள் ரஜினி, விஜய் என்று பிரிந்து நிற்க, இவர் மட்டும் அவுஸ்திரேலியப் படங்களின் பக்கம் தனியே நிற்கிறார். ஜேக்கப் எலோர்டி பிரிஸ்பேனில் பிறந்தவர் என்பது அவருக்குத் தெரியும். தன் சொந்த அண்ணி பிறந்தது நாரந்தனையிலா கரம்பனிலா என்பதில் மட்டும் கொஞ்சம் ஐயம்.

கருதுகோள்: அவுஸ்திரேலிய நடிகர் என்பவர் அடிப்படையில் புளியங்கூடலாரே. ஆய்வு எல்லை: தேத்தண்ணி ஆறும்வரை.

முதன்மை ஆதாரங்களில் தலையாயது 1906 இல் மெல்பேர்ணில் திரையிடப்பட்ட 'த ஸ்ரோறி ஒஃப் த கெலி காங்'. உலகின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று யுனெஸ்கோவே பதிவேட்டில் ஏற்றியிருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய படத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறையப் பதினேழு நிமிடம். அழிந்துபோன பகுதியைப் பற்றியே அதிகம் எழுதுவது தமிழ் ஆய்வாளனின் பிறப்புரிமை என்றாலும், இடம் கருதித் தவிர்க்கிறேன்.

முதற்கண் வரையறை. மெல் கிப்சன் பிறந்தது நியூயோர்க் மாநிலத்தில். நிக்கோல் கிட்மன் ஹொனலுலுவில். ரசல் குரோ நியூசிலாந்தின் வெலிங்டனில். அசலாக அந்த மண்ணிலே, 1909 இல் ஹோபாட்டில், பிறந்த எரல் பிளினையோ, ஹொலிவூட் கொம்பனி அயர்லாந்துக்காரர் என்று விளம்பரம் செய்தது. ஆக, பிறந்தவர் அங்கே இல்லை. இருந்தவர் அங்கே பிறக்கவில்லை. பெயர் எடுத்தபின் எவருமே அங்கே நிற்பதில்லை, விழாவுக்கு மட்டும் வந்து போகிறார்கள்.

இப்போது நம் ஊரைப் பாருங்கள். ரொறொன்ரோவில் பிறந்த பிள்ளையிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டால், சற்றும் தயங்காமல் 'புளியங்கூடல்' என்கிறது. அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருகிறது, படம் எடுக்கிறது, போகிறது. வருடம் முழுக்க ஊரிலேயே இருக்கிறவரிடம் கேட்கப்படும் கேள்வி வேறு: 'நீங்கள் வெளியில போகேல்லையோ?' ஊரில் இல்லாதவரே ஊரவர் என்னும் இவ்விதி ஏற்கெனவே நிறுவப்பட்டது (சந்திக் கடை வாங்கு, கிழக்குக் கால், பேனாக்கத்திச் சாசனம், வரி 2). இரு சமூகங்களுக்கும் ஒரே விதி பொருந்துவதால் இரு சமூகங்களும் ஒன்றே. இந்தத் தருக்கத்தில் ஓட்டை காண்பவர்கள், இதைவிடப் பெரிய ஓட்டைகளுக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கப்பட்டிருப்பதை நினைவில் கொள்க.

அடுத்து, ஆய்வுலகை உலுக்கப்போகும் ஜோர்ஜ் மில்லர் சிக்கல்.

1979 இல் 'மேட் மேக்ஸ்' எடுத்தவர் ஜோர்ஜ் மில்லர். 1945 இல் குயின்ஸ்லாந்தின் சின்சில்லாவில் பிறந்தவர். 1982 இல் காட்டுக் குதிரைகளை மலைச்சரிவில் ஓடவிட்டு 'த மேன் ஃப்ரம் ஸ்னோவி றிவர்' எடுத்தவரும் ஜோர்ஜ் மில்லர். இவர் 1943 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்தவர். சாதாரண மனிதன் 'ஒரே பெயரில் இரண்டு பேர்' என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவான். ஔவையார் ஒருவரா, இருவரா, அதற்கும் மேலா என்று தலைமுறை தலைமுறையாக அடிபட்ட மரபில் வந்த நமக்கு அவ்வளவு இலகுவில் பசிப்பதில்லை.

ஒரு மில்லர்க் கொள்கையினர் காட்டும் சான்று மிருகங்கள். 'மேட் மேக்ஸ்' மில்லர் 1998 இல் ஒரு படத்தில் பன்றிக்குட்டியைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். 2006 இல் பென்குயினை ஆடவிட்டு 'ஹப்பி ஃபீற்' படத்துக்கு ஒஸ்கார் வாங்கினார். மற்ற மில்லர் குதிரையில் தொடங்கி 1994 இல் 'ஆன்ட்ரே' என்ற கடல்நாய்க்கு வந்து சேர்ந்தார். கால்நடைப் பற்று ஒன்றே ஆகையால் ஆளும் ஒருவரே (தேர்முட்டி உரையாடல்கள், தொகுதி 3, ஆறாம் திருவிழா இரவு, மேளச் சமா நடந்துகொண்டிருந்ததால் பிற்பாதி கேட்கவில்லை). இரு மில்லர்க் கொள்கையினரோ, இரண்டாமவர் தம் பெயரின் நடுவே 'ரி' என்ற எழுத்தைச் செருகியிருப்பதையும், 2023 இல் அவர் காலமான பின்னரும் முதலாமவர் 2024 இல் 'ஃபியூரியோசா'வை வெளியிட்டதையும் சுட்டுவர். இரண்டாவது சான்று சற்று வலுவானதுதான். ஆனால் செத்தவர் திரும்பிவந்து பாடியதாகத் தமிழில் எத்தனையோ கதை உண்டு (பண்ணைத் தாம்போதியில் பழுதாகி நின்ற பஸ், பின் இருக்கை, சாளரக் கண்ணாடித் தூசியில் விரலால் எழுதப்பட்டது, மூலப்படி கச்சான் காற்றில் அழிந்தது, படியெடுத்தவர் கனடா போய்விட்டார், அவருடைய மச்சான் வாய்மொழியாக உறுதிசெய்ததை, மச்சானுக்கும் எனக்கும் எல்லை வேலிப் பிரச்சினை இருப்பதால், மூன்றாமவர் வழியாகப் பெற்றேன்).

என் முடிபு சமரசமானது: இருவரே, ஆனால் இருவரும் நம்மவர். நெடுந்தீவில் அந்நியர் விட்டுப்போன குதிரைகள் இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன என்பதால், குதிரை மில்லர் நெடுந்தீவார். முதலாமவருடைய தந்தையோ கிரேக்கத்தின் கிதிரா தீவிலிருந்து போனவர். அந்தத் தீவில் இன்று மிஞ்சியிருப்பவர்களைவிட அவுஸ்திரேலியாவில் வாழும் அத்தீவின் வழித்தோன்றல்கள் பலமடங்கு. இதைவிடத் தீவகத்துக்குப் பொருந்தும் வரலாறு உண்டா?

எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்த மில்லர் மருத்துவம் படித்தவர். சிட்னி சென். வின்சென்ற் வைத்தியசாலையில் வேலை பார்த்து, வீதி விபத்தில் நொருங்கி வந்தவர்களைத் தைத்தவர். அந்த அனுபவம்தான் படத்தில் வாகனங்களாக வந்து மோதியது. டொக்டர் உத்தியோகத்தை விட்டுப் படமெடுக்கப் போன மகனை அதன் பிறகும் தாய் தகப்பன் வீட்டுக்குள் விட்டார்கள் என்றால், அது யாழ்ப்பாணத்துக் குடும்பமாக இருக்க முடியாது. மிக வலுவான வாதம். கருதுகோளுக்கு இடைஞ்சலாக இருப்பதால் இதை அடிக்குறிப்புக்கு அனுப்புகிறேன். அடிக்குறிப்பு கிடையாது.

இனி மண்ணெண்ணெய். 'மேட் மேக்ஸ் 2' 1981 இல் வந்தது. பெற்றோல் இல்லாத உலகில் ஒரு தகரம் பெற்றோலுக்காக ஆளை ஆள் துரத்துவது கதை. 1973 இன் எண்ணெய் நெருக்கடியை வைத்து உண்டான எதிர்காலக் கற்பனை என்று மேலைநாட்டு விமர்சகர்கள் எழுதுகிறார்கள். பாவம், அவர்கள் 1990 க்குப் பிறகு குடாநாட்டில் இருந்ததில்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல் நின்றது. தீவுப் பகுதியால் இடம்பெயர்ந்த எங்கள் சனமும் அங்கேதான் நின்றது. மோட்டார் சைக்கிள் புறப்படும் விதம் இது: சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட வேண்டும், உதைக்க வேண்டும், இயந்திரம் உயிர்பிடித்த கையோடு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். பின்னால் எழும் வெள்ளைப் புகையில் சந்தியில் நிற்பவர் மறைந்துபோவார். மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் இப்படித்தான் கலியாணத்துக்கும் போயின, செத்தவீட்டுக்கும் போயின. மேக்ஸிடம் இருந்தது வி8 இயந்திரம். மண்ணெண்ணெயில் ஓட்டிக் காட்டியிருந்தால் அவரை வீரன் என்று ஒத்துக்கொண்டிருப்போம்.

நாலாவது படமான 'ஃபியூரி றோட்' புரோக்கன் ஹில் பாலைவனத்தில் எடுக்கப்பட இருந்தது. எதிர்பாராத மழை பெய்து பாலைவனம் பூத்துவிட்டதால் படப்பிடிப்பு நமீபியாவுக்குப் போனது. ஆவணி மாதம் எங்கள் தரவைப் பக்கம் வந்திருந்தால் ஒரு பூவும் தொந்தரவு செய்திராது. படத்துக்குக் கிடைத்த ஆறு ஒஸ்காரில் ஒன்றையாவது ஊர் வாசிகசாலையில் வைத்திருக்கலாம்.

தமிழ்ப் படங்களில் அவுஸ்திரேலியா: 'நள தமயந்தி' (2003) மெல்பேர்ணில், 'தலைவா' (2013) சிட்னியில். வேறு குறிப்பு இல்லை.

வளரும் நடிகர்கள் பற்றி. இவர்கள் பெரும்பாலும் இரண்டு தொலைக்காட்சித் தொடர்களில் முளைத்தவர்கள். 1985 இல் தொடங்கிய 'நெய்பேர்ஸ்' தந்தவர்கள் கை பியர்ஸ், மார்கோ றொபி. 'ஹோம் அன்ட் அவே' தந்தவர்கள் ஹீத் லெட்ஜர், கிறிஸ் ஹெம்ஸ்வேர்த். றொபி 2008 இல் தொடருக்குள் நுழைந்து, 2013 இல் ஸ்கோர்செசியின் படத்தில் டிகாப்ரியோவுக்கு மனைவி. வளர்ந்து முடிய ஐந்தே ஆண்டு. நம் பல்கலைக்கழகங்களில் 'வளரும் ஆய்வாளர்' என்ற அடைமொழியுடனேயே ஓய்வூதியம் பெற்றவர்கள் உண்டு.

ஜெரால்டின் விஸ்வநாதன் நியூகாசிலில் வளர்ந்தவர்; 'பிளொக்கேர்ஸ்' (2018), 'டிரைவ்-அவே டோல்ஸ்' (2024). தந்தை வழியில் இந்தியத் தமிழர், தாய் சுவிஸ்காரர். சுவிஸ் என்றால் புங்குடுதீவுச் சனம்தானே, ஆகவே தாய்வழியில் பக்கத்துத் தீவு என்பது இரசிகரின் துணிபு. இதை மறுக்கும் திராணி எனக்கு இல்லை.

கடைசியாக, ஆய்வின்போது தற்செயலாகத் தட்டுப்பட்ட ஒன்று. புளியங்கூடல் இருக்கும் இதே தீவின் கிழக்குப் பக்கத்தில் அல்லைப்பிட்டி. அங்கே பிறந்தவர் அன்ரனிதாசன் யேசுதாசன். 'கொரில்லா' எழுதிய ஷோபாசக்தி. 2015 இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற 'தீபன்' படத்தின் நாயகன். 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறிய சக்திதரனின் 'கவுண்டிங் அன்ட் கிராக்கிங்' நாடகத்திலும் நடித்தார். அவுஸ்திரேலிய மேடையில் எங்கள் தீவார். கருதுகோளுக்கு இதைவிட நல்ல சான்று எங்கே தேடுவது? ஓடிப்போய் இரசிகரிடம் சொன்னேன். எலோர்டியின் உயரத்தை அங்குலக் கணக்கில் சொல்லக்கூடிய அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணை, அல்லைப்பிட்டியில ஆர் நடிகர்?" என்றது.

பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய ஊரில் நடிகர் பிறக்க முடியாது என்பது அவருடைய கோட்பாடு. அவரை நான் குறை சொல்லவில்லை. உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் செத்த பிறகோ, வெளிநாட்டில் பரிசு வாங்கிய பிறகோதான் நம் ஆய்வரங்குகளிலும் அவருக்குக் கதிரை போடப்படுகிறது.

மேலாய்வுக்கான பரிந்துரை ஒன்றே ஒன்று. புளியங்கூடல் பக்கம் போகிறவர்கள் இரசிகரைக் கண்டால் 'தீபன்' பார்க்கச் சொல்லுங்கள். டேற்றாக் காசு நான் தருகிறேன்.