ஆறாயிரம் போதாதவர்

சௌக்கியமா என்று கேட்டுப் பாருங்கள். "6000ல ஸ்டேபிள். 6400ல மூணு மணி நேரம் ஓடி ஒரே ஒரு எரர்" என்பார். கேட்டது அவரைப் பற்றி. பதில் வந்தது அவருடைய கம்ப்யூட்டரின் ரேமைப் பற்றி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை.

ஐ.டி. கம்பெனிகள் உள்ள ஊரில், பெரிய அபார்ட்மெண்ட் ஒன்றுக்கு ஒரு ரேம்காரராவது இருப்பார். வயது முப்பத்தைந்துக்கு மேல். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியை என்றோ கழற்றிச் சுவரோரம் சாய்த்திருப்பார். திரும்ப மாட்டியதாகச் சரித்திரம் இல்லை. மேஜையில் ஒரு ஸ்க்ரூடிரைவர், மூடி தொலைந்த ஒரு பென்டிரைவ். அதில் கல்யாண போட்டோவும் இருக்காது, சினிமாவும் இருக்காது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மட்டும் இருக்கும். அதை யாரும் தொடக்கூடாது.

விஷயம் இதுதான். ரேம் பெட்டியில் 6000 என்று போட்டிருக்கும். மதர்போர்டில் சொருகி ஆன் செய்தால் பெரும்பாலும் 4800ல்தான் ஓடும். பயாஸுக்குள் போய், இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஏஎம்டி என்றால் எக்ஸ்போ என்று ஒரு வரியைத் தட்டிவிட வேண்டும். ரிச்சி தெருக் கடைப் பையன் இதைச் சொல்லித்தான் அனுப்புவான். நமக்கெல்லாம் வேலை அங்கே முடிந்தது. ரேம்காரருக்கு அங்கேதான் பிள்ளையார் சுழி.

முதலில் பொருத்தம் பார்ப்பார். மதர்போர்டு கம்பெனி தன் போர்டில் சோதித்த ரேம்களின் பட்டியலை வெளியிட்டிருக்கும்; அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். 30-38-38-96 என்று டைமிங்கைச் சொன்னால் ராசிக் கட்டத்தைப் பார்த்த ஜோசியர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். சிப் யாருடையது, ஹைனிக்ஸா சாம்சங்கா, ஹைனிக்ஸ் என்றால் ஏ-டையா எம்-டையா என்று குலம் கோத்திரம் விசாரிப்பார். பத்தும் பொருந்தி வந்த பிறகும், அந்த ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர் ஒத்துழைக்க வேண்டும். அது எப்படி வாய்க்கும் என்று வாங்கும்போது தெரியாது. நிஜ ஜாதகமும் அப்படித்தான் என்று அவர் மனைவி ஒருமுறை சொன்னார்.

ரைசன் 7000 வரிசைக்கு 6000தான் தோதான வேகம் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் போனால் கன்ட்ரோலரும் ரேமும் ஒரே தாளத்தில் நடப்பது எல்லா சிப்புக்கும் கைகூடாது. ஏஎம்டி சொன்னால் என்ன? "பக்கத்து பிளாக்ல ஒருத்தர் 6400 ஓட்டுறார்" என்பார். அபார்ட்மெண்ட் வாழ்க்கையில் கார் வாங்குவதற்கும் இதே காரணம்தான் சொல்லப்படுகிறது.

இவர் முன்னால் 6000 மெகாஹெர்ட்ஸ் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "மெகாஹெர்ட்ஸ் இல்ல சார், மெகா டிரான்ஸ்ஃபர். கிளாக் 3000தான். ஒரு துடிப்புக்கு ரெண்டு தடவை டேட்டா போகும்." காபி ஆறிப்போகும்.

எண்களை மாற்றி ரீஸ்டார்ட் கொடுத்தவுடன் திரை இருண்டுவிடும். போர்டின் மூலையில் டிரேம் என்று எழுதிய இடத்தில் மஞ்சள் விளக்கு எரியும். இதற்கு ட்ரெயினிங் என்று பெயர். ரேமுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே எந்த சிக்னல் எந்தக் கணத்தில் வர வேண்டும் என்று போர்டு தானே சோதித்துச் சரிசெய்துகொள்கிறது. ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளில் முதல் தடவை இதற்குப் பல நிமிடங்கள் ஆகும். கெட்டுப்போய்விட்டது என்று பதறிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் உண்டு. ரேம்காரர் ஓட மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். இந்த நேரத்தில் வந்துதான் அவர் மனைவி, "என்னங்க, கரண்ட் பில் கட்டணும், கம்ப்யூட்டர் ஃப்ரீயா?" என்று கேட்பார். பதில் வராது. போனிலேயே கட்டிவிடுவார். அவர் போனில் என்ன ரேம் என்று அவருக்குத் தெரியாது. பில் கட்ட அது தடையாக இருந்ததும் இல்லை.

விளக்கு அணையவே இல்லை என்றால் சீமாஸ் கிளியர். போர்டில் இரண்டு குட்டி முனைகளை ஸ்க்ரூடிரைவரால் தொட்டு, செய்த பாவத்தையெல்லாம் அழிக்கும் சடங்கு. சந்தேகம் தீராவிட்டால் காசு போன்ற அந்த சிஆர்2032 பேட்டரியையும் மாற்றுவார். புது பேட்டரி பாத்ரூம் எடை மெஷினிலிருந்து வரும்.

மே மாதம் வந்தால் இவர் பாடு தனி. 1968ல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் காப்புரிமை வாங்கிய ஏற்பாடுதான் இன்றைக்கும் ரேமுக்குள் இருக்கிறது: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு குட்டிக் கப்பாசிட்டர். அந்தக் கப்பாசிட்டர் ஒழுகும். அதனால் ஒரு விநாடிக்குள் பல தடவை அதை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சூடு ஏற ஏற ஒழுக்கும் கூடும். நம்மவர் வேகத்துக்கு ஆசைப்பட்டு, நிரப்பும் இடைவெளியை நீட்டி வைத்திருப்பார். ராத்திரி இரண்டு மணிக்குப் பாஸான டெஸ்ட் பகல் இரண்டு மணிக்கு ஃபெயிலாகும். தீர்வு? ஏசி கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு இடம் மாறும். அவருடைய அம்மா ஹாலில் ஃபேனடியில் படுப்பார்; "பையனுக்கு ஏதோ ஆபீஸ் வேலை" என்று வந்தவர்களிடம் சொல்வார்.

இவரிடம் பேய்க்கதையும் உண்டு. 2023ல் சில ரைசன் 7000 ப்ராசஸர்கள் கருகிப்போனதும், அதன்பின் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3க்கு மேல் போகாதபடி ஏஎம்டி பூட்டுப் போட்டதும் உண்மைச் செய்தி. இவர் அதைச் சொல்லும்போது குரல் தானாகத் தாழும். "நான் 1.2தான் குடுத்திருக்கேன்" என்று முடிப்பார்.

காலேஜில் படிக்கும் அக்கா மகன் ஒருநாள் கணக்குப் போட்டுவிட்டான். பழைய டிடிஆர்-400, சிஎல் 2: பத்து நானோ செகண்ட். டிடிஆர்3-1600, சிஎல் 8: பத்து. டிடிஆர்4-3200, சிஎல் 16: பத்து. மாமா உயிரைக் கொடுத்து ஓட்டும் 6000, சிஎல் 30: அதே பத்து. "இத்தனை வருஷமா முதல் எழுத்து வர ஒரே நேரம்தான் ஆகுதா மாமா?" ரேம்காரர் அசரவில்லை. "வர்ற வேகம் பதினஞ்சு மடங்குடா" என்றார். நியாயமான பதில். ஆனால் அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்று அவர் சொன்னதை மனைவி கவனித்தார், உப்பு இருந்தது.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். எக்ஸ்போவைத் தட்டிவிட்டு எல்லாம் சரி என்று நம்பும் நம்மைவிட அவர் யோக்கியர். ரேம் செய்யும் தப்பு சத்தம் போடாது. நீலத் திரை வந்தால் அதிர்ஷ்டம். வராமல், ஜிப் ஃபைல் திறக்க மறுக்கும், ஒரு போட்டோவின் கீழ்ப்பாதி சாம்பல் பட்டையாக நிற்கும், யாரும் ரேமைச் சந்தேகிக்க மாட்டார்கள். இரண்டாவது மாடிப் பையனின் கம்ப்யூட்டரில் இப்படி ஆனபோது, திறந்து பார்த்த மாத்திரத்தில் அவர் சொன்னார்: இரண்டு ஸ்டிக்கும் முதல் இரண்டு ஸ்லாட்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன, இரண்டாவதிலும் நாலாவதிலும் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டி, ஒரு ஸ்டிக் பழுது என்று கண்டுபிடித்து, வாரண்டியில் மாற்றவும் வழி சொன்னார். காசு வாங்கவில்லை. பையனின் அப்பாவுக்கு டைமிங் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கினார். அவர் இப்போது லிஃப்டில் ஏறுவதில்லை, படியில் போகிறார்.

ஒருவழியாக 6400 நின்றது. அந்த வாரம் ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். மாப்பிள்ளை தோளோடு தோள் நிறுத்தி, திறந்த பெட்டியைக் காட்டினார். மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"ரெண்டு இடம் காலியா கிடக்கே மாப்பிள்ளை? அதுலயும் ரெண்டு வாங்கிப் போட்டா இன்னும் வேகமா ஓடுமே."

"ஐயோ மாமா, நாலு போட்டா வேகம் குறைஞ்சிடும். ஏஎம்டி கேரண்டியே 3600தான்."

"அப்ப எதுக்கு நாலு ஓட்டை வச்சான்?"

மாப்பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். "உக்காருங்க மாமா, சொல்றேன். டெய்ஸி செயின்னு ஒண்ணு இருக்கு…" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ராத்திரி பத்து மணி பஸ்ஸுக்கு மாமனார் மத்தியானம் நாலு மணிக்கே கிளாம்பாக்கம் கிளம்பிவிட்டார். டிராஃபிக் இருக்கும் என்று மகளிடம் சொன்னார்.