பக்கத்து சீட் வாத்தியார்

மகளுக்குப் பதினெட்டு முடிந்து எல்.எல்.ஆர். வந்துவிட்டால், 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் அவள் பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்கின்றன. அவரிடம் லைசென்ஸ் இருக்க வேண்டும். வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ தோதான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். டிரைவிங் ஸ்கூல் காரில் அதற்கென்றே இன்னொரு பிரேக் உண்டு. வீட்டுக் காரில் அப்பாவுக்கு வாய்த்தது ஹேண்ட் பிரேக்கும் தொண்டையும்தான். ஹேண்ட் பிரேக்கை அவர் தொடுவதே இல்லை.

"கிளட்ச்ச மெதுவா விடும்மா... மெதுவான்னு சொன்னேன்ல!" கார் குலுங்கி நிற்கும். பின்னால் டவுன் பஸ்காரர் ஹாரனில் கை வைத்தால் எடுக்க மாட்டார்.

"ஏம்ப்பா, நீங்க இண்டிகேட்டர் போட்டு நான் பார்த்ததே இல்லையே?"

"அது எக்ஸ்பீரியன்ஸ். நீ போடு."

ஸ்டாப் லைன் என்று ஒன்று ரோட்டில் இருப்பதே அவருக்கு இந்த வாரம்தான் கண்ணில் படுகிறது. பின்சீட்டில் அம்மா முருகனைக் கூப்பிட ஆரம்பித்து வெகுநேரமாகிறது.

விதி எழுதியவர்கள் நுணுக்கக்காரர்கள். முன்னும் பின்னும் மாட்டும் 'எல்' பலகை குறைந்தது 18 சென்டிமீட்டர் சதுரம், வெள்ளையில் சிவப்பு எழுத்து, எழுத்தின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர் என்று அளந்து வைத்திருக்கிறார்கள். அப்பாவின் குரலுக்குத்தான் அளவு சொல்ல விட்டுப்போயிற்று.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அப்பாக்களே, முதல் மாதமாவது டிரைவிங் ஸ்கூலுக்குப் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டிலேயே இருங்கள்.